வாசகர் மேசைக்கு வரும் வெளிச்சம்

பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வீபுரி நகரில் கட்டிய பொது நூலகத்தைப் பற்றிச் சென்ற இதழில் இப்பகுதியில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். 1935ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்குக் கூரையில் உள்ள வட்டத் துளைகளின் வழியாகவே பகல் வெளிச்சம் வருகிறது என்றும், அதன் சொற்பொழிவு அறைக்கு அலைபோல் வளைந்த மரக் கூரை அமைந்திருக்கிறது என்றும் அதில் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பொதுவான பயன் உள்ள கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இம்முறை விடை எழுதுகிறேன்.

கேள்வி: வாசிப்புக் கூடத்தின் சுவர்களில் சன்னலே இல்லை என்கிறீர்கள். சன்னல் இல்லாத கூடத்தை இயற்கை வெளிச்சத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது முரணாக இல்லையா? (வாசகி, திருநெல்வேலி)

முரண்போலத் தோன்றுவது உண்மை. ஆனால், சன்னலோர மேசையில் அமர்ந்து படிப்பவருக்கு என்ன நேர்கிறது என்பதைக் கவனித்தால் ஆல்ட்டோவின் முடிவு விளங்கும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரும்போது எழுதும் கையின் நிழல் தாளின்மேல் விழுகிறது. வழவழப்பான தாளாக இருந்தால் அதன் ஒரு பகுதி பளபளத்து எழுத்து மறைகிறது. தலையை நிமிர்த்தினால் வெளியே உள்ள பிரகாசம் கண்ணைக் கூசச் செய்கிறது. மீண்டும் தாளுக்குத் திரும்பும்போது அது இருண்டதாகத் தெரிகிறது. சன்னலிலிருந்து நான்கு மேசை தள்ளி அமர்ந்தவருக்கோ வெளிச்சமே போதுவதில்லை. ஆக, ஒரே கூடத்தில் ஒருவருக்கு மிகையும் மற்றொருவருக்குக் குறையும் ஏற்படுகின்றன.

இதற்கு மாற்றாக ஆல்ட்டோ கூரையில் 57 வட்டத் துளைகளை அமைத்தார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.8 மீட்டர் விட்டமுடையது; புனல்போல் ஆழமானது; உட்புறம் வெண்மையானது. அவ்வூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்கூடிய உச்ச உயரம் தொடுவானத்திலிருந்து 52 பாகைக்குச் சற்று மேல்தான். அந்தக் கோணத்திலோ அதற்குக் கீழோ வரும் கதிர் எதுவும் நேராகக் கீழே இறங்கிவிடாதபடி புனல்களின் ஆழத்தை அவர் வகுத்தார். கதிர் புனலின் வெண்சுவரில் பட்டுச் சிதறி, மென்மையான வெளிச்சமாகவே கூடத்துக்குள் விழுகிறது. மேசையில் அமர்ந்திருப்பவருக்குப் பல புனல்களிலிருந்தும் பல திசைகளில் வெளிச்சம் வருவதால், ஒன்று ஏற்படுத்தும் நிழலை மற்றொன்று அழித்துவிடுகிறது. புத்தகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாலும் எழுத்துத் தெரியும்.

சன்னல் இல்லாததால் சுவர் முழுவதும் புத்தக அலமாரிகளுக்குக் கிடைத்தது என்பது இதனால் விளைந்த மற்றோர் ஆதாயம். இத்திட்டத்தை யோசித்த நாள்களில், பல சூரியன்கள் பல திசைகளிலிருந்து ஒளி வீசும் மலைச்சரிவுகளை அவர் விளையாட்டாக வரைந்துகொண்டிருந்தாராம். தரை படிப்படியாக இறங்கி, நடுவில் தாழ்ந்த பகுதியும் சுற்றிலும் உயர்ந்த பகுதியுமாக அக்கூடம் அமைந்ததற்கு அந்தக் கிறுக்கல்களே வித்து.

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் புதிய நூலகக் கட்டடம் வரவிருக்கிறது. அதே வட்டக் கூரைச் சாளரங்களை இங்கும் வைக்கச் சொல்லிப் பொறியாளரிடம் மனு கொடுக்கலாமா? (வாசகர், திருவாரூர் மாவட்டம்)

கொடுக்க வேண்டாம். அந்தப் புனல்கள் வெகு வடக்கே உள்ள ஓர் ஊரின் வானத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. வீபுரி வடக்கு அட்சரேகையில் ஏறக்குறைய 60.7 பாகையில் இருக்கிறது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. சென்னையில் நண்பகல் சூரியன் மிகத் தாழ்ந்து தெரியும் நாள் மார்கழித் தொடக்கத்தில் வருகிறது. அன்றுகூட அது தொடுவானத்துக்கு மேல் சுமார் 53.5 பாகை உயரத்தில் நிற்கும். வீபுரியில் கோடையின் உச்ச நாளில் சூரியன் ஏறுகிற உயரம் 52.7 பாகை. அதாவது, நம் ஊரின் மிகத் தாழ்ந்த நண்பகல் வெயில் அவர்கள் ஊரின் மிக உயர்ந்த வெயிலைவிட உயரமானது. அங்கே ஆண்டு முழுவதும் வெயிலைத் தடுக்கும் புனல் இங்கே ஆண்டு முழுவதும் நண்பகலில் வெயிலை உள்ளே விடும். சித்திரை இரண்டாம் வாரத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் சென்னையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்நாள்களில் புனலை எவ்வளவு ஆழமாகக் கட்டினாலும் கதிர் நேராகத் தரையைத் தொடும். திருவாரூரில் இந்தக் கணக்கு ஓரிரு பாகையும் சில நாள்களும் மாறுமே தவிர, முடிவு மாறாது. வெயிலோடு வரும் வெப்பத்தையும், மழைக்காலத்தில் கூரைத் துளையின் விளிம்பில் தொடங்கும் ஒழுக்கையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய வடிவத்தை விட்டுவிட்டு, அவர் போட்ட கணக்கை நம் ஊருக்காக நாமே போட்டுப் பார்ப்பதுதான் முறை. வெளிச்சத்தை வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் எடுக்க வேண்டும். கிழக்கையும் மேற்கையும், குறிப்பாக மேற்கை, இயன்றவரை மூடிவிட வேண்டும். தெற்குச் சுவரில் 4 அடி உயரமுள்ள சன்னலுக்கு 3 அடி நீட்டிய சன்ஷேடு இருந்தால் மார்கழி நண்பகல் வெயில்கூடக் கண்ணாடியைத் தொடாது. வடக்குச் சுவரில் ஆனி மாதத்து நண்பகல் வெயிலைத் தடுக்க அதே உயரமுள்ள சன்னலுக்கு 9 அங்குல நீட்டமே போதும். ஆனால், அந்த மாதத்தில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே விலகி உதித்து, மாலையிலும் அதே அளவு வடக்கே விலகி மறைவதால், வடக்குச் சன்னலின் இரு பக்கங்களிலும் செங்குத்தான தடுப்புப் பலகைகள் வேண்டும். நம் ஊரில் இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வடக்கு என்றாலே நிழல் என்பது ஐரோப்பியப் பாடநூல்களின் முடிவு. சென்னையில் ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது.

கூடம் அகலமாக இருந்து நடுவில் இருள் தங்கினால், பஞ்சாலைகளில் காணப்படும் ரம்பப்பல் வடிவக் கூரையை நினைத்துப் பாருங்கள். குளிர்நாடுகளில் அக்கூரையின் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். இங்கே அதைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே சிறு நீட்டம் வைத்தால் வடக்கு வானத்தின் வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். மழைநீரும் கண்ணாடியில் தங்காது. இதற்குச் செலவு மிகை என்றால், சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, நீளவாட்டில் ஒரு சன்னல் வரிசை வைத்து, அதனடியில் உட்புறமாக 2 அடி அகலத்தில் வெள்ளை பூசிய ஒரு தட்டை நீட்டிவிடலாம். வெளிச்சம் அத்தட்டில் பட்டு, கூரையின் உட்புறமான மேல்தளத்துக்குத் தாவி, அங்கிருந்து கூடத்தின் நடுப்பகுதிவரை இறங்கும். பக்கச் சன்னலின் வெளிச்சம் பொதுவாகச் சன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பயன்படும். 8 அடியில் முடியும் சன்னலுக்கு அது 16 முதல் 20 அடி. பொறியாளரிடம் மனு கொடுப்பதானால், முகப்பு எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு முன்பாக, கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல் உள்புறத்தைக் காட்டும் குறுக்குவெட்டு வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வெயில் எந்த மாதத்தில் எந்த மேசையில் விழும் என்பது அதில்தான் தெரியும்.

கேள்வி: நான்கு பக்கமும் கண்ணாடி வைத்துவிட்டால் வெளிச்சப் பிரச்சினையே இல்லையே? (வாசகர், கோயம்புத்தூர்)

வெளிச்சப் பிரச்சினை அப்போதுதான் தொடங்குகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். படிக்கும் மேசைக்கு வேண்டிய அளவு சுமார் 500 லக்ஸ். வெளியே உச்சி வெயிலில் 1,00,000 லக்ஸ்வரை இருக்கும். முழுக் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு மாதத்துக்குள் திரை தொங்கும். திரைக்குப் பின்னால் பகலிலேயே குழல்விளக்கு எரியும். அதற்கு மேல் குளிர்சாதனம் ஓடும். இப்படித் திரை போட்டு, விளக்கெரித்து இயங்கும் அலுவலகங்களை எந்தப் பெருநகரிலும் பார்க்கலாம்.

கேள்வி: மரம் ஒலியை உறிஞ்சும் என்பதால்தான் நூலகங்களில் அதைப் பயன்படுத்துகிறார்களா? (வாசகி, மதுரை)

இது பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணம். இழைத்து மெருகிட்ட கெட்டிப் பலகை ஒலியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆல்ட்டோவின் சொற்பொழிவு அறையில் மரம் செய்தது அந்த வேலையைத்தான். அந்த நீண்ட அறையில் ஒரு மூலையில் எழுந்து பேசுபவரின் குரல் மறுகோடிவரை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, ஒலி எந்தப் புள்ளியில் பட்டு எங்கே திரும்பும் என்று கோடுகள் வரைந்து பார்த்து, மேல்தளத்தை மெல்லிய பைன் மரச் சட்டங்களால் அலையலையாக வளைத்தார். மேடையில் நிற்பவர் மட்டும் பேசுவது, மற்றவர்கள் கேட்பது என்ற ஏற்பாடு அவருக்குப் போதவில்லை. கூட்டத்தில் இருக்கும் எவரும் எழுந்து விவாதிக்கலாம், அது எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று கருதினார். அந்த அலைகளின் அழகு இந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

வாசிப்புக் கூடத்தின் தேவை இதற்கு நேர்மாறானது. அங்கே ஒலி பரவக் கூடாது. அதற்கு மரச் சட்டங்களை இடைவெளி விட்டுப் பொருத்தி, அவற்றின் பின்னால் கனிமப் பஞ்சோ தேங்காய் நார்ப் பலகையோ வைக்க வேண்டும். ஒலி இடுக்கின் வழியாக உள்ளே போய்ப் பஞ்சில் அடங்கும். கண்ணுக்கு மரம் மட்டும் தெரியும். நிறைந்த புத்தக அலமாரிகளும் ஒலியை நன்கு உடைத்துச் சிதறடிக்கும். நம் நூலகங்களில் இரைச்சல் பெரும்பாலும் பேச்சினால் வருவதில்லை. மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் நாற்காலிகளை இழுப்பதால் வருகிறது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்ட ஒரு நூலகத்துக்கு ஆகும் செலவு, அந்நூலகத்துக்கு அடிக்கும் பெயர்ப்பலகையின் செலவைவிடக் குறைவு.

கேள்வி: ஹெல்சிங்கியில் உள்ள ஊடி நூலகம் முழுவதும் மரத்தால் கட்டப்பட்டது என்று படித்தேன். இவ்வளவு பெரிய கட்டடத்தை மரம் தாங்குமா? (வாசகர், சிங்கப்பூர்)

ஊடியின் எடையைத் தாங்குவது மரமன்று, எஃகு. ஏ.எல்.ஏ. என்ற கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்து, 2018 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்ட அந்நூலகம் 100 மீட்டருக்கு மேல் நீண்ட இரண்டு எஃகு வளைவுகளின் மேல் ஒரு பாலத்தைப்போல நிற்கிறது. அதனால்தான் தரைத்தளம் தூண்களின் குறுக்கீடு இன்றி, பக்கத்துச் சதுக்கத்தின் தொடர்ச்சியாகத் திறந்து கிடக்கிறது. வெளியே தெரியும் பின்லாந்து ஸ்ப்ரூஸ் மரப் பலகைகள் கட்டடத்தின் போர்வை. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கை படும் இடத்திலும் கண் படும் இடத்திலும் மரமும், நூறு மீட்டர் தாண்ட வேண்டிய இடத்தில் எஃகும் என்பது நேர்மையான பங்கீடுதான். மூன்றாம் தளத்தில் புத்தகங்கள் இருக்கும் பெருங்கூடத்தின் வெண்ணிற மேல்தளம் மேகம்போல் வளைந்து, அதில் வட்டச் சாளரங்கள் திறக்கின்றன. அவற்றைப் பார்க்கும் எவருக்கும் வீபுரி நினைவுக்கு வரும்.

மரமே எடையையும் தாங்கும் நூலகத்தைக் காண விரும்பினால், நார்வேயின் வெனெஸ்லா என்ற சிற்றூரில் ஹெலன் அண்டு ஹார்டு என்ற கட்டடக் கலை நிறுவனத்தார் 2011இல் முடித்த நூலகத்தைப் பாருங்கள். மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த 27 உத்திரங்கள் விலா எலும்புகளைப்போல் வரிசையாக நிற்கின்றன. என் மதிப்பில் அண்மைக்கால நூலகங்களில் மரத்தை மிகப் புத்திசாலித்தனமாகக் கையாண்டது இதுவே. ஒவ்வொரு விலாவும் மேலே கூரையைத் தாங்குகிறது; அதன் உடலுக்குள் காற்றுக் குழாயும் விளக்கும் ஒலி உறிஞ்சும் அடுக்கும் மறைந்திருக்கின்றன; சுவரை ஒட்டி அப்படியே கீழே வளைந்து இறங்கும்போது அதுவே அலமாரித் தட்டாகவும், ஓர் ஆள் சாய்ந்து அமர்ந்து படிக்கும் மாடமாகவும் மாறுகிறது. கூரை எங்கே முடிகிறது, அலமாரி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கட்டடத்தை ஒருவரிடமும் மேசை, நாற்காலி, அலமாரியை வேறு ஒப்பந்தக்காரரிடமும் தனித்தனியே ஒப்படைக்கும் நம் வழக்கத்தில் இப்படி ஒரு நூலகம் பிறக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஜப்பானின் கிஃபு நகரில் டோயோ இட்டோ வடிவமைத்து 2015இல் திறக்கப்பட்ட நூலகத்தின் கூரையும் அப்பகுதியில் விளைந்த சைப்ரஸ் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியதே. அதிலிருந்து 11 பெரிய குடைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு குடையும் மேலிருந்து வரும் வெளிச்சத்தை மென்மையாக்குவதோடு, உச்சித் திறப்பின் வழியாகச் சூடான காற்றையும் வெளியேற்றுகிறது. கோடையில் புழுங்கும் ஊர் என்பதால், நாம் கற்றுக்கொள்ளப் பின்லாந்தைவிட அங்கே அதிகம் இருக்கிறது.

கேள்வி: மரமும் காகிதமும் ஒரே கூரையின் கீழ் என்றால் தீ விபத்துக்கு அழைப்பு விடுப்பதாகாதா? (வாசகர், சேலம்)

பெரிய குறுக்களவுள்ள உத்திரம் எரியும் விதம் விறகு எரியும் விதத்திலிருந்து வேறுபட்டது. அதன் வெளிப்புறம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வீதம் கரியாகிறது. அந்தக் கரி அடுக்கே உள்ளே இருக்கும் மரத்துக்கு வெப்பம் போகாமல் காக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்தில் 4 சென்டிமீட்டரளவுதான் போகும் என்பதால், அந்த அளவைக் கூட்டியே உத்திரத்தைத் தடிமனாக்கி வைக்கிறார்கள். காப்பில்லாத எஃகோ 550 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்து வளைந்துவிடும். இதனால் மரம் அபாயமற்றது என்று பொருளில்லை. மெல்லிய பலகைகளும் வார்னிஷ் பூசிய தடுப்புகளும் விரைவாகத் தீயைப் பரப்பும். அவற்றைப் படிக்கட்டிலும் வெளியேறும் வழியிலும் வைக்கக் கூடாது. நம் ஊரில் பழைய மின்கம்பிகளைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுவேன்.

கேள்வி: நான் ஒரு கிளை நூலகத்தில் பணியாற்றுகிறேன். கரையானும் ஈரமும் மர அலமாரிகளை அழித்துவிட்டதால் எல்லாவற்றையும் இரும்புக்கு மாற்றிவிட்டார்கள். மரத்தை மீண்டும் கேட்பது பொருத்தமா? எந்த மரத்தைக் கேட்பது? (வாசகி, நாகர்கோவில்)

முதலில், இரும்பு அலமாரியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எடை மிகுந்த பின்னறை அடுக்குகளுக்கு அது சரியான தேர்வு. வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்குமாறு கட்டினால், நூலக அடுக்கறையின் தளத்தை 600 கிலோவுக்குக் குறையாமல் தாங்குமாறு கட்ட வேண்டும். புத்தகம் அவ்வளவு கனம். மர அலமாரி கேட்க வேண்டிய இடம் வாசகரின் கை படும் இடம்: நூல் வழங்கும் மேடை, மேசை, நாற்காலி, சிறுவர் பகுதி, புதுவரவுத் தட்டுகள்.

தேக்கு கரையானைத் தாங்கும் என்பது அதன் வைரப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். வெளிப்புறத்து வெளிறிய பகுதி எந்த மரத்திலும் பூச்சிக்கு உணவுதான். ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை ஓடுகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். வண்ணமோ பாலிஷோ அடித்த பிறகு அது தெரியாது. தேக்கின் விலை கட்டுபடியாகாவிட்டால் உங்கள் மாவட்டத்தில் எளிதில் கிடைக்கும் ரப்பர் மரத்தைப் போரான் உப்பில் பதப்படுத்தி வாங்கலாம்; பதப்படுத்தாத ரப்பர் மரத்தைத் தொடவே தொடாதீர்கள். வேம்பு நல்ல மரம், ஆனால் நீண்ட பலகையாகக் கிடைப்பது அரிது. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தேக்கு உத்திரங்களைக் காரைக்குடியிலும் பிற ஊர்களிலும் விற்கிறார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த கட்டை என்பதால் அது இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. ஆணிகளைப் பிடுங்கும் கூலியைச் சேர்த்தும் பல வேளைகளில் அது மலிவு.

மரம் அழிவதற்குக் காரணம் பெரும்பாலும் அதைப் பொருத்திய விதமே. அலமாரியின் முதுகு சுவரைத் தொடக் கூடாது; மூன்று விரற்கடை இடைவெளி வேண்டும், காற்றும் புக வேண்டும், கரையான் மண்வழி ஏறினால் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அடிப்பகுதி தரையைத் தொடாமல் கருங்கல் துண்டுகளின் மேலோ எஃகுக் கால்களின் மேலோ நிற்க வேண்டும். கதவுச் சட்டத்தின் பள்ளத்தில் செருகும் பலகையைப் பசையிட்டு ஒட்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் அது அகலவாட்டில் உப்பும், பங்குனியில் சுருங்கும், அதற்கு இடம் விடாவிட்டால் பிளக்கும். பழைய தச்சர்களுக்கு இது சொல்லித் தர வேண்டாத பாடம். ஓர் அங்குலப் பலகையானாலும் 3 அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீளக் கூடாது. 3 அடித் தட்டில் நிறையப் புத்தகம் வைத்தால் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும்.

நம் தட்பவெப்பத்தில் மரம் நிற்காது என்று யாரேனும் வாதிட்டால், சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்தின் பழைய கூடத்துக்கு அழைத்துப் போங்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்து, 1896 டிசம்பர் 5 அன்று திறந்துவைக்கப்பட்ட அக்கூடத்தின் தேக்கு அலமாரிகளும் செதுக்கு வேலைகளும் கடற்கரைக் காற்றில் ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிற்கின்றன. கூரையிலுள்ள வண்ணக் கண்ணாடி வழியாக அங்கும் மேலிருந்துதான் வெளிச்சம் இறங்குகிறது. ஆனால், அக்கண்ணாடி வெயிலின் கடுமையைத் தணித்து, உயரமான கூடத்துக்குள் மெதுவாக விடுகிறது. ஊடி திறக்கப்பட்டதும் அதே டிசம்பர் 5 என்பது தற்செயல்தான். 122 ஆண்டுகள் இடைவெளி.

கேள்வி: சன்னலோரத்தில் புத்தகத்தை வைப்பதா, வாசகரை அமர்த்துவதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

வாசகரையே. சன்னலை ஒட்டிய அலமாரியைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள் முதுகுகள் வெளுத்துப்போய், நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சியிருக்கும். தலைப்புச் சிவப்பில் அச்சாகியிருந்தால் படிக்கவே முடியாது. செய்தித்தாள் போன்ற மலிவுத் தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகி, தாளை நொறுங்கச் செய்கிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களை முழுமையாகத் தடுப்பதில்லை.

லூயி கான் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளிக்காகக் கட்டி 1971இல் திறக்கப்பட்ட எக்ஸிட்டர் நூலகம் இதற்குச் சிறந்த பாடம். அது பொது நூலகம் அன்று. என்றாலும் அதன் முறை எங்கும் பொருந்தும். நடுவில் மேலிருந்து ஒளி பெறும் உயர்ந்த கூடம். அதைச் சுற்றிக் காங்கிரீட் வளையத்தில், நிழலில், புத்தகங்கள். வெளி விளிம்பில், செங்கல் சுவரை ஒட்டி, மாணவர்களுக்கு மரத்தாலான தனி இருக்கைகள். ஒருவர் அலமாரியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி நடந்து வந்து அமர்கிறார். இருக்கையின் பக்கத்தில் கண் மட்டத்தில் ஒரு சிறு சன்னல். அதற்குத் தள்ளு கதவு மரத்தில். வெயில் கூசினாலோ தனிமை வேண்டியிருந்தாலோ படிப்பவரே அதை மூடிக்கொள்ளலாம். அதற்கு மேலே உள்ள பெரிய சன்னல் எல்லாருக்கும் பொதுவான வெளிச்சத்தைத் தருகிறது. யாழ்ப்பாணத்துக்கு அகன்ற சன்ஷேடும் காற்று வரும் பலகணியும் கூடுதலாக வேண்டும். அடுக்குமுறை அப்படியே பொருந்தும்.

இடம் போதாமல் சன்னல் பக்கம் அலமாரி வைத்தே தீர வேண்டுமானால், அதைச் சன்னல் சுவருக்குச் செங்குத்தாக வையுங்கள். அப்போது வெளிச்சம் இடைவழியில் ஓடும். நூல்களின் முதுகில் நேராக விழாது.

கேள்வி: வீபுரி நூலகம் இப்போதும் இருக்கிறதா? (வாசகி, ஈரோடு)

இருக்கிறது. ஆனால், அது இருக்கும் நாடு மாறிவிட்டது. 1927இல் போட்டியில் வென்ற ஆல்ட்டோவின் முதல் வரைபடம் தூண்களும் முகப்புமாகப் பழைய பாணியில் இருந்தது; பணம், இடம் என்று வேலை தள்ளிப்போன ஆண்டுகளில் அவர் அதை முற்றிலும் மாற்றி எழுதினார். தாமதம் ஒரு கட்டடத்துக்கு நன்மை செய்த அரிய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரின் முடிவில் நகரம் சோவியத் ஒன்றியத்தின் வசமாகி, வீபோர்க் ஆனது. கட்டடம் ஏறக்குறைய பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, பின்னர் பழுதுபார்க்கப்பட்டு 1961இல் மீண்டும் நூலகமானது. 1990களில் தொடங்கிய முறையான மீட்டமைப்பு பின்லாந்து, ரஷ்யா இருநாட்டு வல்லுநர்களின் முயற்சியில் 2013இல் முடிந்தது. அழிந்துபோயிருந்த அலைக் கூரையைப் புதிதாகச் செய்து பொருத்தியிருக்கிறார்கள். இன்றும் அது அவ்வூரின் பொது நூலகம்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்குக் கூட்டம் வருவதே மாலை ஆறு மணிக்குப் பிறகுதான். இயற்கை வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவு பேசி என்ன பயன்? (வாசகர், கடலூர்)

நியாயமான கேள்வி. விளக்கையும் அதே நோக்கில் அமைக்க வேண்டும் என்பதே விடை. ஆல்ட்டோ வாசிப்புக் கூடத்தின் மின்விளக்குகளை மேசையை நோக்கித் திருப்பவில்லை. ஒளியைச் சுவரில் வீசி, அங்கிருந்து சிதறி வரச் செய்தார். நம் நூலகங்களில் மேசைக்கு நேர் மேலே வெறும் குழல்விளக்கு தொங்குவதால் வழவழப்பான பக்கத்தில் அதன் உருவமே தெரிகிறது. விளக்கைப் படிப்பவரின் இரு தோள்களுக்கும் பக்கவாட்டில் வருமாறு நகர்த்தி, சுவரின் மேல்பகுதியையும் மேல்தளத்தையும் வெள்ளையாக வைத்து, சில விளக்குகளை மேல்நோக்கித் திருப்பினாலே பாதி கூச்சம் தீரும். மேசைக்கு நடுத்தர நிறமுள்ள மரமும் மங்கிய மெருகும் ஏற்றவை. கருந்தேக்கு மேசையில் வெள்ளைத் தாளை வைத்துப் படித்தால் கண் விரைவில் களைக்கும். மேசைமேல் கண்ணாடி போடுவது அதைவிடக் கெடுதல், ஆயினும் அது மேசைக்கு நாம் செய்யும் மரியாதையாகவே நிலைத்துவிட்டது.

விளக்குகளுக்கான சுவிட்சுகளைச் சன்னலுக்கு இணையான வரிசைகளாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மாலை ஐந்தரைக்கு உள்வரிசை மட்டும் எரிந்தால் போதும்; ஆறேகாலுக்கு நடுவரிசை; இருட்டிய பிறகே சன்னலோர வரிசை. எல்லா விளக்குக்கும் ஒரே சுவிட்சு என்றால், காலையில் கதவு திறந்ததும் அனைத்தையும் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கமாகும்.

(அடுத்த இதழில் சிறுவர் நூலகங்களின் இருக்கை உயரம், தட்டு உயரம் பற்றிய கேள்விகளுக்கு விடை வரும்.)